தூரத்து ஆம்பூர்

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தோல்களைத் தடவித் தடவி ரகம் பிரிப்பவர் லியாகத் அலி. குறை கண்டுபிடிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அந்தக் கண்ணைக் கழற்றி வைக்காமல் அப்படியே வீட்டுக்கும் வந்துவிடுவார், அதுதான் தொல்லை.

மகள் ஆஃப்ரீன் ஒரு ஷூ கம்பெனியில் டிசைனர். ஜெர்மனியில் ஹாம்பர்க் என்ற துறைமுக நகரத்தில் ஒரு வருஷப் பயிற்சிக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். சாப்பிட உட்கார்ந்த லியாகத் அலி ஊரின் பெயரைப் பிடித்துக்கொண்டார்.

"ஹாம்னா பன்னிக்கறி. மிச்சம் பர்கர். பன்னி பர்கர்னு பேர் வச்ச ஊருக்கு எம் பொண்ணை அனுப்புவேனா?"

"ஐயோ அப்பா! பர்க்னா கோட்டை, நம்ம வேலூர் கோட்டை மாதிரி. ஹாம்னா பழைய பாஷையில ஆத்து வளைவுன்னு சொல்றாங்க. ஆத்தோரப் புல்வெளின்னும் சிலர் சொல்றாங்க."

"பாத்தியா, அவங்களுக்கே நிச்சயமா தெரியல! நம்ம பாலாத்துல இல்லாத வளைவா?"

"அங்க தண்ணி இருக்குப்பா."

லியாகத் அலி, கழித்த தோலைத் தள்ளுவதுபோல் தட்டைத் தள்ளினார்.

பூண்டு உரித்துக்கொண்டே முனவ்வர் பேகம் பேச்சில் புகுந்தாள். கணவரின் அடாவடி அவளுக்குப் புதிதா என்ன?

"ஏங்க, நம்ம உருதுல ஹம்னா நாமதானே? அப்போ அது நம்ம கோட்டை. இதுல இன்னா ஹராம்?"

"நாம எங்கடி போறோம்? அவ மட்டும்தானே போறா!"

கத்தி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது. பெயரோடு அவருக்கு ஒரு சண்டையும் இல்லை. மகள் இல்லாத வீட்டை நினைத்துப் பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான்.

ஆஃப்ரீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒரு வருஷம்தான்பா."

"ஒரு வருஷம் கம்மியா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டைத் திரும்ப இழுத்தார். "வர்றேன்னு சொல்லிடு."

அவள் கிளம்பிய அன்று, வாசலில் கார் நிற்பதைப் பார்த்து எதிர்வீட்டு சத்தார் விசாரித்தார்.

"பாய், பொண்ணு எங்க போவுது?"

"ஆம்பூருக்கு."

"இன்னா பாய், ஆம்பூர்லதானே நிக்கிறோம்?"

"இது இல்ல, தூரத்து ஆம்பூர். அங்க ஆத்துல தண்ணி இருக்காம்" என்றார் லியாகத் அலி. பெட்டியை மட்டும் டிரைவரைத் தொடவிடாமல், ரொம்ப நேரம் அவரே தூக்கிவைத்துக்கொண்டு நின்றார்.