விமானத்துக்கு வைத்த பொட்டு

புதுசு என்றால் நல்லது என்று முதலில் சொன்னவன் யாரோ, அவன் கையில் கிடைத்தால் ஒரு வாரம் என்னோடு வேலைக்கு அழைத்துப் போவேன். தொழிற்சாலையிலிருந்து நேராக வந்து இறங்கிய விமானம். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறை கூடக் கிழியவில்லை. உள்ளே நுழைந்தால் பாத்திரக் கடை வாசனை. அதில் நான் கண்டுபிடித்தவற்றைக் கேளுங்கள். ஓர் இருக்கை தரையோடு பூட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. இன்னொன்றின் அடியில் உயிர்காப்பு அங்கி இல்லை. அவசர வழி விளக்கு எரியவில்லை. கழிப்பறைக் கூரைக்குமேல் எவனோ கை துடைத்துவிட்டு மறந்துபோன துணி.

ஒவ்வொன்றையும் சொன்னபோது எங்கள் நிலைய மேலாளர் ஈஸ்வரன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வண்டன்மேட்டுக்காரர். அவருடைய அப்பா ஏலக்காய் ஏலத்தில் முப்பது வருஷம் நின்றவராம். இவருக்கும் எல்லாம் ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று முடிந்துவிட வேண்டும்.

"என்னா மேடம், புது மாட்டப் போயி பல்லப் புடிச்சுப் பாத்துக்கிட்டு" என்றார்.

"தானமா வந்த மாட்டைத்தான் சார் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது. இது காசு குடுத்து வாங்கினதாக்கும்" என்றேன்.

நான் பத்மப்ரியா. உரிமம் பெற்ற விமானப் பராமரிப்பு இன்ஜினீயர். பாலக்காட்டில் அக்ரஹாரத்து வீட்டில் அம்மாவோடு இருக்கிறேன். வாளையார் தாண்டி கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குத் தினமும் காரில் போய் வருகிறேன். நான் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் பறக்கும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் பந்தியை நிறுத்தி வைப்பவளை எப்படிப் பார்ப்பார்களோ, அப்படித்தான் என்னை எல்லோரும் பார்க்கிறார்கள்.

அந்தப் புது விமானத்தின் முதல் பயணம் மும்பைக்கு. அதில் என் அம்மா சேஷம்மாளும் போவதாக இருந்தது. அம்மா அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. பயம். முட்டிவலி வந்தபின் ரயிலும் இல்லை. அதனால் செம்பூரில் இருக்கும் மங்களம் பெரியம்மாவை அவள் நேரில் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. இப்போது பெரியம்மாவுக்கு இருதய ஆபரேஷன். வயது எண்பது. டாக்டர்கள் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குத் தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள். "அதுக்கு முன்னாடி உன் மொகத்தைப் பாத்துடணும்டி" என்று பெரியம்மா போனில் சொன்னாள். அவ்வளவுதான், அம்மா பெட்டியை எடுத்துவிட்டாள்.

"பேடியா இல்லையா அம்மா?" என்று கேட்டேன். எங்கள் பாலக்காட்டுப் பேச்சில் பேடி என்றால் பயம்.

"நீ பாத்த ப்ளேனாச்சே. பின்னே என்ன பேடி?" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அன்று விடிகாலையில் அந்த விமானத்தை மூக்கிலிருந்து வால்வரை இன்னொரு முறை பார்த்தேன்.

பார்த்து முடித்ததும் பூஜை. கம்பெனிக்குப் புது விமானம் வந்தால் பூஜை போடாமல் பறக்கவிட மாட்டார்கள். ஊழியர் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரலாம் என்று பாஸ் கொடுத்தார்கள். நான் அம்மாவை அழைத்துப் போனேன். பிறகு பூஜைச் சாமான்களோடு ஒரு போர். தேங்காயை இன்ஜின் பக்கத்தில் உடைக்கக் கூடாது, சில்லு உள்ளே போனால் தீர்ந்தது என்று கத்தி, சுவரோரம் உடைக்க வைத்தேன். சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை எண்ணி வைத்து எண்ணி எடுத்தேன். சூடத் தட்டோடு எரிபொருள் வண்டிப் பக்கம் போன குருக்களைத் துரத்திக்கொண்டு ஓடினேன். டி.வி.க்காரர்கள் அதையும் படம் பிடித்தார்கள். ஊரையெல்லாம் காவல் காத்தேன். என் பக்கத்தில் நின்றவளை விட்டுவிட்டேன்.

பூஜை முடிந்ததும் விமானத்தை இன்னொருமுறை சுற்றி வந்தேன். எல்லாம் பளபளவென்று இருந்தது. கேப்டனும் சுற்றிப் பார்த்தார். பயணிகளைப் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். பூஜை முடிந்து டெர்மினலுக்குப் போயிருந்த அம்மாவும் அவர்களோடு வந்தாள். அப்பாடா என்று மூச்சுவிட்டு நிமிர்ந்தால், ஏணிப்படி வரிசை நகரவில்லை. வரிசையின் தலையில் என் அம்மா ஒரு காலைப் படியில் வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

ஓடிப்போய் "என்னம்மா?" என்றேன்.

"பொட்டைக் காணும்."

"எந்தப் பொட்டை?"

"ப்ளேனுக்கு வெச்ச பொட்டு. ஆரோ அழிச்சிருக்கா. வெச்ச பொட்டை அழிச்சா என்ன அர்த்தம்னு நோக்குத் தெரியாதோ? நான் இதுல ஏற மாட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பின்னால் கைக்குழந்தைகளோடு பெண்கள் வெயிலில் நிற்கிறார்கள். ஒருவர் "பாட்டியம்மா, வழிய விடுங்க" என்றார். ஈஸ்வரன் தூரத்திலிருந்து கையைக் கையை ஆட்டுகிறார். பெரியம்மா அங்கே படுத்துக் கிடக்கிறாள். இங்கே இவள் விமானத்தின் நெற்றியைத் தேடுகிறாள்.

"அம்மா, உயிரை எடுக்காதே. மங்களம் பெரியம்மாவைப் பாக்கணுமா வேண்டாமா? ஏறு."

"நீ திட்டு. ஸாரமில்லை, திட்டிக்கோ. எத்தனை நன்னா வெச்சேன், சந்தனமும் குங்குமமும் குழைச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எங்க வெச்சாய்?"

"மூக்குக்குச் செத்த பின்னாடி வட்டமா ஒரு தகடு இருக்கே, வெள்ளித் தட்டாட்டம். நடுவுல குட்டிக் குட்டி ஓட்டை. பொட்டு வெக்கத்தான் அப்படி வெச்சிருக்கான்னு நெனச்சேன். அந்தப் பக்கமும் ஒண்ணு இருந்தது. ஒரு பக்கம் மட்டும் வெக்கப்படாதேன்னு அதுக்கும் வெச்சேன்."

வெளிக்காற்றின் அழுத்தம் அந்தத் துளைகள் வழியாகப் போய்த்தான், எவ்வளவு உயரத்தில், என்ன வேகத்தில் பறக்கிறோம் என்பது விமானிக்குத் தெரியும். அந்தத் துளைகள் அடைந்தால் உயரமும் பொய், வேகமும் பொய். மேகத்துக்குள் பொய்யை நம்பிப் பறந்து தரையிலும் கடலிலும் மோதிய விமானங்களைப் பற்றித்தான் எங்களுக்கு முதல் வருஷமே பாடம் நடத்துகிறார்கள். ஒரு விமானத்தில் இரண்டு பக்கமும் சரியாக அதே இடத்தைத் தேடிப் பொட்டு வைக்க என் அம்மாவால்தான் முடியும்.

"சின்னையா, டார்ச்!" என்று கத்தினேன்.

சின்னையன் எங்கள் டெக்னீஷியன், பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளிப் பையன். தகட்டுக்குக் கீழே குனிந்து ஒவ்வொரு துளையிலும் டார்ச் அடித்தான்.

"மேடம், வெளிய சுத்தமா இருக்குதுங்க. உள்ளார மஞ்சளா என்னமோ தெரியுதுங்க."

யார் துடைத்தது என்று கேட்டேன். ஈஸ்வரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கேமராவுக்குக் கறையாகத் தெரிகிறது என்று துப்புரவு ஆளிடம் ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னவர் அவர்தான். ஈரத்துணியை வைத்து அழுத்தி அழுத்தித் துடைத்திருக்கிறான். சந்தனம் வெளியே போவதற்குப் பதில் உள்ளே போயிருக்கிறது.

"அதான் தொடச்சாச்சுல்ல மேடம்? பொறகென்ன? ஒரு சந்தனப் பொட்டுக்கு பிளைட்ட நிறுத்துவாகளா?"

"துடைச்சதுதான் சார் வினை. எல்லாரையும் திரும்ப அனுப்புங்கோ."

பயணிகள் திரும்பப் பஸ்ஸில் ஏறினார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. நல்ல வேளை, எந்தப் பாட்டியால் நின்றது என்று அவர்களுக்குத் தெரியாது. வரிசையை மறித்த கிழவி என்ற கோபம் மட்டும்தான். ஆனால் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. டார்ச் வெளிச்சம் போன இடத்தை அவளும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

"நாழியாகுமோ?" என்றாள்.

"ஆகும்."

"நாலு மணிக்குள்ள?"

குழாய்களைக் கழற்ற வேண்டும், காற்று அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும், அப்புறம் அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். சோதனைக் கருவி எங்களிடம் இல்லை. கொச்சியிலிருந்து சாலை வழியாக வர வேண்டும். வேறு கம்பெனி விமானத்தில் இடம் கேட்டேன். காலை விமானம் போய்விட்டது, மத்தியானத்தில் ஓர் இருக்கை கூட இல்லை. காத்திருப்புப் பட்டியலில் அம்மாவின் பெயர் எத்தனையாவது என்று கேட்டதும் கவுண்டர் பெண் சிரித்தாள். கருவி ஏற்றிய வண்டி குதிரானில் ஊர்கிறது, வடக்கஞ்சேரியில் நிற்கிறது, ஆலத்தூரில் டிரைவர் டீ குடிக்கிறான். டீ! போனில் அவனை நான் கேட்ட கேள்விக்கு என் அப்பா இருந்தால் என்னை வீட்டைவிட்டே துரத்தியிருப்பார்.

நடுவில் ஈஸ்வரன் வந்து குரலைத் தாழ்த்தினார். கெட்டவர் இல்லை. அன்று அவருக்கும் மேலிடத்திலிருந்து அர்ச்சனை நடந்துகொண்டிருந்தது.

"மேடம், ரிப்போர்ட்ல வச்சது ஆருன்னு தெரியலன்னு போட்டுருங்க. ஒங்க பாஸ்ல வந்தவுக. அவுக பேரு வந்துச்சுன்னா ஒங்க லைசென்ச நோண்டிருவானுங்க. கூட்டத்துல எவனோ வச்சான், விட்டுருவோம்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அதுதான் தோன்றியது. பூஜைக்கு வந்த கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். எழுதாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்று மனசு சொல்லிக்கொண்டது. நான் தலையாட்டவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அம்மா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். மடியில் பெரியம்மாவுக்காகப் பலாப்பழத்தை வெல்லத்தில் கிளறிச் செய்த சக்கவரட்டி டப்பா.

"சேஷம்மாள்னு எழுதிக்கோங்கோ" என்றாள் ஈஸ்வரனிடம். "நான்தான் வெச்சேன்."

"அம்மா, நீ சும்மா இரு" என்றேன்.

"எதுக்கு சும்மா இருக்கணும்? ஆரு வெச்சா, எதுக்கு வெச்சான்னு எழுதலைன்னா அடுத்த ப்ளேனுக்கு இன்னொருத்தி வெப்பா. நீ பாத்த ப்ளேனாச்சேன்னுதான் நான் வெச்சேன். அவளுக்கும் பொண்ணு மேல ஆசை இருக்காதோ?"

ஈஸ்வரன் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். பிறகு அம்மாவின் பெயரை எழுதினேன். பாஸ் வாங்கிக் கொடுத்தவள் என்று கீழே என் பெயரையும் எழுதினேன். அதற்கான விசாரணை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

நாலு மணி ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் செம்பூரிலிருந்து பெரியம்மாவின் மருமகள் போன் செய்தாள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டார்கள், பேசுகிறீர்களா என்றாள். அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, நான் வந்துண்டே இருக்கேன். ப்ளேன் செத்த லேட்டாக்கும். நீ போ. நீ போய்ட்டு வரத்துக்குள்ள நான் அங்க இருப்பேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, அம்மா "ம்" என்றாள். மறுபடி "ம்" என்றாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டு டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. துடைத்தவன் மேல், துடைக்கச் சொன்னவர் மேல், டீ குடித்தவன் மேல், பொட்டு வைத்தவள் மேல், நிறுத்திய என் மேல். எல்லோரையும் நிற்கவைத்து அறையலாம் போலிருந்தது. அழுகையும் வந்தது. குழாய்க்குள்ளிருந்து வந்த சந்தனத்தைச் சின்னையன் ஒரு வெள்ளைத் துணியில் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினான். கொட்டைப்பாக்களவு கூட இல்லை.

"ரெண்டு பக்கமுங்க மேடம். முழுசா அடைச்சிருந்துதுங்க. இதோட மேல போயிருந்தா..." என்றவன் அம்மாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

பொழுது சாயும்போது விமானம் புறப்பட்டது. கடைசிச் சோதனையும் சரியாக வந்து நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான். அம்மா முதல் ஆளாக ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத் திட்டவுமில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் வழியில் நானே கூப்பிட்டேன்.

"பெரியம்மா பேசினாளா அம்மா?"

"இல்லை. கண்ணு தெறக்கலை. கை மட்டும் சூடா இருக்கு, பிடிச்சுண்டிருக்கேன். டாக்டர் கிட்டக் கேட்டா பாக்கலாம் பாக்கலாம்கறார்."

மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்கு மன்னிப்பு? நான் செய்தது சரிதான். சரியானதைச் செய்துவிட்டு இப்படிக் குற்றவாளி மாதிரி நிற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மாவே கேட்டாள். "நேத்திக்கு எங்கூட எத்தனை பேர் ஏறினா?"

"நூத்தி எழுபது பேர் இருக்கும்."

"அந்தக் கைக்கொழந்தைக்காரி?"

"அவளும்தான்."

"எல்லாரும் அவாவா ஆத்துக்குப் போய்ச் சேந்தாளோ?"

"சேந்திருப்பா அம்மா."

"அப்போ மதி. அது போறும்" என்றாள். அப்புறம்தான் அழுதாள். நான் வேலைக்குப் போகாமல், வாளையாரில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, அவள் அழுது முடிக்கிறவரை போனைக் காதிலிருந்து எடுக்காமல் இருந்தேன்.