ஒரு நாள் பிந்திய டிராக்டர்

பிரிந்தபோது பண்டிகைகளையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் ஷெரிக்கு, நவம்பர் வான்கோழி விருந்தும் ஷெரிக்கு. டேரல் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்று: ஹாலோவீன், அக்டோபர் முப்பத்தொன்று. ஒமாஹாவில் இருந்தவரை வேஷம் போட்ட மகள் ட்ரூடியின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போவதை ஓர் ஆண்டும் அவன் விட்டதில்லை. இப்போது அவளுக்கு எட்டு வயது. ஷெரி மகளோடு தன் சொந்த ஊரான டிமாய்னுக்குத் திரும்பியதும், வேலையை மாற்றிக்கொண்டு அவனும் பின்னாலேயே வந்து ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தான்.

முப்பதாம் தேதி மாலை சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ட்ரூடிக்காகச் செய்த அட்டைப்பெட்டி டிராக்டருக்குப் பச்சை வண்ணம் பூசிக்கொண்டிருந்தான். தோளில் மாட்ட வார், முகப்புக்கு இரண்டு டார்ச் விளக்குகள். அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஒரு கடற்கொள்ளைக்காரன், ஒரு சூனியக்காரி, பின்னால் அவர்களுடைய அப்பா.

"சோளக்கொல்லைப் பொம்மைக்கு ஏன் பசிக்கவே பசிக்காது?" என்றான் கொள்ளைக்காரன்.

டேரல் வாய் திறப்பதற்குள் அவனே பதிலும் சொன்னான்.

"வயிறு முழுக்க வைக்கோல்!"

"ஜோக் சொல்லியாச்சு அங்கிள். இப்ப நீங்க மிட்டாய் தரணும்," என்றாள் சூனியக்காரி.

"நாளைக்குத்தானே கண்ணு ஹாலோவீன்?"

அந்த அப்பா சிரித்துவிட்டார். "ஊருக்குப் புதுசுங்களா? இங்க மிட்டாய் கேட்டு வர்றது எப்பவுமே முப்பதாம் தேதிதாங்க. நாளைக்கு வாசல்ல லைட்டைப் போட்டு உட்கார்ந்தீங்கன்னா பூனைதான் வரும்."

வேலை, வீடு என்று இருந்தவனுக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. நாளைக்கென்று வாங்கிய பையைப் பிரித்து இரண்டு கை அள்ளிக் கொடுத்துவிட்டு ஷெரியைப் போனில் அழைத்தான். பின்னணியில் ஒரே பிள்ளைகள் கூச்சல்.

"முப்பதுன்னு உனக்குத் தெரியும்தானே?"

"நான் இங்கயே பொறந்து வளர்ந்தவ டேரல். எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன். நீ முப்பத்தொண்ணு வேணும்னு நின்ன, சரி, ஏதோ ஆசைப்படறான்னு விட்டேன். சத்தியமா ஏமாத்தல."

"இப்ப வந்து கூட்டிட்டுப் போறேன். அரை மணி நேரம் போதும்."

"அக்கா பிள்ளைங்களும் இவளுமா நாலு பேரும் தேனீ வேஷம். செருப்பு மாட்டிட்டு நிக்குதுங்க. வரணும்னா வா, நான் தடுக்கல. ஆனா நடுவுல ஒரு தேனீயை மட்டும் நீ பிடிச்சுட்டுப் போனா அவ முகம் எப்படி ஆகும்னு நீயே யோசி."

கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கதவுவரை போனான். பிறகு சாவியை வைத்துவிட்டு வாசல் விளக்கைப் போட்டான். யார் யாருடைய பிள்ளைகளோ வரிசையாக வந்து ஜோக் சொல்லின. சில ஜோக்குகளுக்கு முடிவே இல்லை. அவன் எல்லாவற்றுக்கும் சிரித்தான்.

மறுநாள் மாலை ட்ரூடி வந்தாள். தெருவில் ஒரு வீட்டிலும் வாசல் விளக்கு இல்லை. மேப்பிள் இலைகள் நடைபாதையில் ஈரமாக ஒட்டிக் கிடந்தன.

"அய்யோ அப்பா, முப்பதுன்னு உங்களுக்குத் தெரியாதா? எங்க கிளாஸ் ஓவனோட அப்பாவுக்குக்கூடத் தெரியும், அவரு கனடாக்காரரு!"

"நான் ஒமாஹாக்காரன்டி. எங்களுக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் புரியும்."

டிராக்டரைக் காட்டினான். அவள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு விளக்கை எரியவிட்டு, கூடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள். "சூப்பரா இருக்குப்பா," என்று சொல்லிவிட்டு, மூலை நசுங்காதபடி மெதுவாகக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள்.

மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்டுக் காரமாகக் கொதிக்கவைத்த சில்லியும், தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டி ரோலும் சாப்பிட்டார்கள். ரோலைக் குழம்பில் முக்கித் தின்பதில் இருவருக்கும் எப்போதும் போட்டி. இன்றும் அவள்தான் ஜெயித்தாள். நேற்று வாங்கிய மிட்டாயைப் பற்றி, பெரியம்மா பிள்ளைகளைப் பற்றி, நாய் துரத்தியதைப் பற்றி நிறையப் பேசினாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

முடித்ததும் அவளே எழுந்து தன் கிண்ணத்தைக் கழுவினாள். எங்கே கவிழ்ப்பது என்று தெரியாமல் ஒரு கணம் தயங்கி, துண்டை விரித்து அதன்மேல் வைத்தாள்.

"தேங்க்ஸ்பா. சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றாள்.

அடுத்தவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.