சிவப்புத் துணி சுற்றிய டார்ச்

மின்கழிவுக் கிடங்கில் விடியும் முன்பே பெல்ட் ஓடத் தொடங்கிவிடும். உடைந்த கீபோர்டு, மொபைல், ரிமோட், மிக்சி மோட்டார் எல்லாம் கலந்து கரகரவென்று நகர்ந்து வரும். இருபுறமும் நிற்கும் பெண்கள் குனிந்தபடியே பொறுக்குவார்கள். பிளாஸ்டிக் ஒரு கூடை, செம்புக் கம்பி ஒரு கூடை. பாட்டரி தெரிந்தால் பாய்ந்து எடுக்க வேண்டும். விட்டால் நொறுக்கும் மெஷினுக்குள் போய் வெடிக்கும். தூசி தொண்டையில் படிந்து, குடிக்கிற தண்ணீரும் இரும்பாய் ருசிக்கும்.

கடைசியில் நிற்கும் இளம்பெண்ணுக்கு இங்கே பெயர் கம்ப்யூட்டர். வீட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறாள். முழுப் பொய்யும் இல்லை. நாளெல்லாம் கம்ப்யூட்டரைத்தான் உடைக்கிறாள். சாயங்காலம் குழாயடியில் கழுத்துக் கரியைத் தேய்த்துக் கழுவி, உடை மாற்றிக்கொண்டுதான் தெருவுக்குள் நுழைவாள்.

"கம்ப்யூட்டர் மேடம், இன்னிக்கு மீட்டிங் ஏதும் இருக்கா?" எதிரே நிற்கும் பெரியக்கா தினமும் கேட்பார்.

அன்றும் கேட்டுவிட்டுத்தான் பெல்ட்டிலிருந்து அந்த டார்ச்சை எடுத்தார். லாரியில் நசுங்கி வந்திருந்தது. மூடியைத் திருகியதும் உள்ளிருந்த பாட்டரி சீறியது. வெள்ளைப் புகை, நெருப்பு. உள்ளங்கைத் தோல் சுருண்டது. பெரியக்கா கத்தவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

டார்ச் கம்ப்யூட்டரின் காலடியில் வந்து விழுந்தது. கைப்பிடியில் பாதி கருகிய சிவப்புத் துணி. அவள் அப்பாவின் பழைய சட்டைத் துணி. கைப்பிடி விரிசல் விட்டபோது அவர்தான் சுற்றிக் கட்டினார். போன வாரம் அதைத் தெருமுனை மின்கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, இனிமேல் குப்பையில் எறியக் கூடாது, பூமிக்குக் கெடுதல் என்று வீட்டில் எல்லோருக்கும் பாடம் எடுத்தார். பாட்டரியை எடுத்தீங்களா என்று அன்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால், உனக்கெப்படித் தெரியும் என்பார். கேட்காமலே விட்டாள்.

பெரியக்கா கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பியபோது முதலாளி நின்றிருந்தார். பெல்ட் நின்ற நேரத்துக்கு எல்லோருக்கும் கூலி பிடிப்பேன் என்றார். கையுறை கேட்டதற்கு, வேகம் குறையும் என்றார். பாட்டரியைத் தனியாகப் போடும்படி தெருப் பெட்டிகளில் எழுதி ஒட்டச் சொன்னார்கள் பெண்கள்.

"அதைப் படிச்சா ஜனங்க பயந்துடுவாங்கம்மா. ஒருத்தனும் பெட்டி பக்கம் வரமாட்டான். அவங்க யோசிக்காமப் போடுறதாலதான் உங்களுக்கு வேலையே," என்றார் முதலாளி.

"அவங்க யோசிக்கல, எங்க கை வேகுது. அப்படித்தானே சார்?" என்றார் பெரியக்கா. முதலாளி போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

சாயங்காலம் குழாயடியில் கம்ப்யூட்டர் முகம் கழுவவில்லை. "அக்கா, அந்த டார்ச் எங்க வீட்டோடது," என்றாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பெரியக்கா குழாயை மூடினார்.

"உங்கப்பாவுக்கு யாருடி சொல்லிக்கொடுத்தா? எங்க வீட்லயும்தான் எவனுக்கும் தெரியாது. நான் துணிக்கடையில வேலைன்னு சொல்லியிருக்கேன்."

மற்றவர்களும் ஒவ்வொருத்தியாய்ச் சொன்னார்கள். ஒருத்தி வீட்டில் ஆஸ்பத்திரி வேலை, இன்னொருத்தி வீட்டில் பேப்பர் கம்பெனி. விஷயம் தெரிந்தவர்கள் இவர்கள்தான். வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டவர்களும் இவர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, கையுறை வரும்வரை பெல்ட்டைத் தொடுவதில்லை என்று முடிவானது. ஆளாளுக்குத் தங்களை யாருக்கும் தெரியாத தெருவாகப் பார்த்துக் கேட்டார்கள்.

"எனக்கு எங்க தெரு," என்றாள் கம்ப்யூட்டர். கொஞ்ச நேரத்தில் பெரியக்காவும் தன் தெருவையே கேட்டார். பிறகு மற்றவர்களும்.

ஞாயிறு காலை, கரி படிந்த வேலைக் கோட்டோடு கம்ப்யூட்டர் பெட்டியருகே நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள், காது சுட்டது. பெல்ட் ஓடாவிட்டால் வேறு ஆள் வரும் என்று முதலாளியின் செய்தி போனில் கிடந்தது. தன் தெருவுக்குப் போகும் வழியில் துணைக்கு வந்து நின்ற பெரியக்கா அதைப் படித்துவிட்டு, "வரட்டும். அவங்களுக்கும் சொல்லிக்கொடுப்போம்," என்றார்.

அப்பா பழைய மொபைலோடு வந்தார். மகளின் கோட்டைப் பார்த்தார். பெரியக்காவின் கையைப் பார்த்தார்.

"நம்ம டார்ச்சுப்பா. பாட்டரியோட போட்டது," என்றாள்.

அப்பா தலை குனிந்து அவள் அதுவரை பார்த்ததில்லை. மொபைலின் பின்மூடியை நகத்தால் நெம்பினார். மூடி வரவில்லை. அவள் மொபைலைப் பிடித்துக்கொண்டாள், பாட்டரி கழன்றது. தீப்பொறி வராமலிருக்க முனைகளில் டேப்பை அவரே ஒட்டினார்.

அப்புறமும் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பையோடு வந்து அதைப் பெட்டிக்குள் வீசக் கையை ஓங்கியபோது அப்பா குறுக்கே போய் நின்றார்.

"அப்படியே போடாதீங்க. உள்ள எம்பொண்ணு கை இருக்கு."