நீராவிக் குழாயின் மேல்

"பாதுகாப்பு எதுவும் பண்ணிக்கலையா?" என்று நர்ஸ் கேட்டது மனைவியைப் பார்த்து. பதில் சொன்னவன் புருஷன்.

"ஒவ்வொரு தடவையும் போட்டிருக்கேங்க. ஒரு தடவைகூட விட்டதில்ல."

சாட்சிக் கூண்டில் நிற்பவன் போல நிமிர்ந்து சொன்னான். சொல்லிவிட்டு மனைவியைப் பார்க்காமல் சுவரில் இருந்த பல் விளக்கும் படத்தைப் பார்த்தான். அவன் தன்னைப் பார்க்காததை அவள் கவனித்தாள். கர்ப்பம் என்று உறுதியாகி இன்னும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இந்தக் குழந்தை தனக்கு வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் வேறு ஏதோ ஒன்று அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

"அது ரப்பருங்க, கடவுள் இல்ல" என்றாள் நர்ஸ், ஊசியைப் பிரித்துக்கொண்டே. "ஒழுங்காப் போட்டாலே நூறு ஜோடியில ரெண்டு ஜோடி வருஷத்துக்குள்ள இங்க வந்து உக்காருவாங்க. நம்ம ஆளுங்க போடற லட்சணத்துக்குப் பத்துப் பன்னெண்டு ஜோடி வரும். எங்க வெச்சிருந்தீங்க, பர்ஸுலயா?"

"பத்திரமான இடத்துலதான்."

"ம். அதுக்காக விட்டுராதீங்க. நோய் தொத்தாம இருக்க அதை விட்டா வேற நாதி இல்ல. அப்பவும் தோல்ல ஒட்டறது ஒண்ணு ரெண்டு தப்பிச்சு வந்துரும். கையை நீட்டுங்க, ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுக்கணும்."

"எனக்கு எதுக்கு?"

"அவங்களுக்கு மட்டும் எதுக்கு?"

நர்ஸ் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. கையை நீட்டினான்.

தெருவில் அவன் இரண்டடி முன்னால் நடந்தான். வழக்கமாக அப்படி நடக்கிறவன் இல்லை. வேலை இடத்துக் கதவு தெரியும்போதுதான் வாயைத் திறந்தான்.

"நுரை பதினஞ்சு வருஷமா அதைத்தான் போடறானாம். ஒண்ணும் ஆகலையாம்."

இருவருக்கும் ஒரே சலவை ஆலையில் வேலை. ஹோட்டல் படுக்கை விரிப்புகளும் ஆஸ்பத்திரி உடுப்புகளும் வரும். நுரை என்பது துவைக்கும் இயந்திரத்தில் நிற்பவனுக்கு ஆலை வைத்த பெயர். வாயைத் திறந்தால் அடங்க மாட்டான்.

"அவன்கிட்டப் போய் எதுக்குச் சொன்னீங்க?"

"சொல்லல. உனக்கு நாள் தள்ளினப்போ பொதுவாக் கேட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"சும்மா கிண்டல் பண்ணான். 'எனக்கு உடையாதது உனக்கு மட்டும் எப்படிடா உடையும், நல்லா விசாரி'ன்னான்."

அவன் கத்துகிறவன் இல்லை, கை ஓங்குகிறவனும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயம். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். இவன் ஒன்றும் சொல்ல மாட்டான். பிள்ளை பிறக்கும், தவழும், பள்ளிக்கூடம் போகும். இவன் ஒவ்வொரு நாளும் அதன் மூக்கைப் பார்ப்பான், காதைப் பார்ப்பான். தொண்டையில் சிக்கிய முள்ளோடு சாப்பிட்டுக்கொண்டே இருப்பான்.

அவர்கள் வீடு ஒற்றை அறை. அவனுடைய அம்மா, மகள், இவர்கள் இரண்டு பேர். ஒளித்துவைக்க இடமே இல்லை. முன்பு ஒரு தடவை மகள் துணிப் பெட்டிக்கு அடியில் இருந்து உறை ஒன்றை எடுத்து ஊதி, வாசல் வழியே ஓடி, மாடிப்படி முழுக்கப் பறக்கவிட்டாள். "பலூன் ஏன் இப்படி வழவழன்னு இருக்கு?" என்று மாமியார் எல்லோர் முன்னாலும் கேட்டாள். அன்றிலிருந்து அவன் உறைப் பெட்டியை வீட்டில் வைப்பதில்லை. தேவையான அன்று ஒன்றை மட்டும் கொண்டுவருவான். சாப்பிடும்போது சட்டைப் பையை இரண்டு விரலால் தட்டிக் காட்டுவான். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். மீதி எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டதில்லை.

மறுநாள் தையல் மூலையில் அவள் முன்னால் வார்டு ஊழியர்களின் கால்சட்டைகள் ஒரு கட்டு வந்து விழுந்தன. எல்லாவற்றிலும் இடுப்பு எலாஸ்டிக் செத்திருந்தது. இழுத்தால் நீண்டது, திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தால் உள்ளே பொரிந்து நொறுங்கியது. யாரோ ஈரத்தைக் காயவைக்க இஸ்திரி அறையில் சூடான இடத்தில் போட்டு மறந்திருக்கிறார்கள். இது அடிக்கடி நடப்பதுதான். "எலாஸ்டிக்கைக் கொண்டுவந்து இங்க போடாதீங்கடா, எருமைங்களா" என்று அங்கே இஸ்திரி போடும் அவள் புருஷனின் சத்தம் தையல் மூலைவரை கேட்கும். அவள் மூன்றாவது கால்சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கை நின்றது. எங்க வெச்சிருந்தீங்க என்று நர்ஸ் கேட்டது நினைவுக்கு வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போனதும் இஸ்திரி அறைக்குப் போனாள்.

"அந்தப் பெட்டியை எங்க வெச்சிருக்கீங்க?"

அவன் கண்ணால் மேலே காட்டினான். நீராவிக் குழாய்க்கு மேல் ஒரு பலகை. அதில் கஞ்சிமாவு டப்பாக்கள். அவற்றின் பின்னால். ஸ்டூலில் ஏறிப் பலகையில் கை வைத்தவள் உடனே எடுத்துவிட்டாள்.

"சுடுது."

"இங்க எல்லாமே சுடும்."

அந்த அறையில் நின்று நின்று அவனுக்குச் சூடு ஒரு பொருட்டாகவே இல்லாமல் போயிருந்தது. அவள் பெட்டியை இறக்கி மேஜையில் வைத்தாள். பக்கத்தில், கையோடு கொண்டுவந்திருந்த செத்த எலாஸ்டிக்கை வைத்தாள். அவன் எலாஸ்டிக்கை எடுத்து இழுத்தான். அது பொரிந்தது. பெட்டியைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். மறுபடி பெட்டியைப் பார்த்தான்.

"அடச்சே" என்றான். "ஊருக்கெல்லாம் சொல்றேன். எருமை நான்தான்."

சிரித்தான். நேற்றிலிருந்து அவள் பார்க்காத சிரிப்பு. அவளுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. அதற்குள் அவன் பெட்டியில் கையை விட்டு ஒரு பாக்கெட்டை எடுத்துவிட்டான்.

"வா, ஒண்ணைத் தண்ணி பிடிச்சுப் பாத்துருவோம்."

அந்த அவசரத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு நின்றது.

"ஒழுகலேன்னா?"

"என்னது?"

"இந்த ஒண்ணு நல்லாருந்து, ஒழுகலேன்னா என்ன பண்ணுவீங்க?"

"ஒழுகும். இந்தச் சூட்டுல எப்படி ஒழுகாம இருக்கும்?"

"நான் அதைக் கேக்கல."

அவன் பாக்கெட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்கோ ஒரு வால்வு சீறி அடங்கியது. அவள் எலாஸ்டிக்கை எடுத்துக்கொண்டு தன் மூலைக்குப் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் இஸ்திரி அறைத் தொட்டியும் தண்ணீர்க் குழாயும் தெரியும்.

அவன் பாக்கெட்டைக் கிழித்தான். உறையைக் குழாயின் வாயில் மாட்டி, மெல்லத் திறந்தான். அது கிழியவில்லை. தண்ணீர் இறங்க இறங்க நீண்டது, அடியில் பருத்தது, கனத்துத் தொங்கியது. அவன் குனிந்து அதன் அடிப்பக்கத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கொதிக்கும் விரிப்புகளைக் கூசாமல் புரட்டுகிற கை, அவனுக்கே தெரியாமல், கீழே போய் அதைத் தாங்கிக்கொண்டது. வெளியே ஆட்கள் பேசிக்கொண்டு திரும்பும் சத்தம் கேட்டது. நுரையின் சிரிப்பு தனியாகக் கேட்டது. அவள் ஊசியில் நூல் கோக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு கையால் தாங்கியபடி நின்றான். இன்னொரு கை குழாயின் திருகில் இருந்தது. தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது.