பன்னிரண்டு கொசுறு

ஓர் உயிரின் விலை அவர் கடையில் மூன்று மீட்டர் வயர். அதையும் இலவசமாகத்தான் கொடுத்திருந்தார்.

பழைய சாமான் கடைக்காரர் அவர். குளிர் இறங்கியதும் ஜனங்கள் பழைய ஹீட்டருக்கு முட்டி மோதிக்கொண்டு வருவார்கள். விலையில் மல்லுக்கட்டுகிறவர்களை மடக்க ஒரு வித்தை வைத்திருந்தார்: "விலை குறையாது. கொசுறா இந்த எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்துக்கோங்க." மொத்தமாக மலிவில் வாங்கிப்போட்ட சரக்கு, சணல் மாதிரி மெலிசு. பன்னிரண்டு ஹீட்டர், பன்னிரண்டு வயர். வாங்கினவர்களுக்கு வாயெல்லாம் பல்.

பதின்மூன்றாவது ஹீட்டரையும் வயரையும் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள் காலை கம்பளத்தில் கால் வைத்த மனைவி சூடு பட்டுத் துள்ளிக் குதித்தாள். புரட்டிப் பார்த்தால், அடியில் ஓடிய வயர் உருகிக் கிடந்தது. கம்பளத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகல்.

"என்னங்க, இதையா ஊருக்கெல்லாம் தானம் பண்ணீங்க?"

அவர் விற்பனை நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு பை நிறைய மாற்றுச் சாமானும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். கொசுறைச் சும்மா திருப்பித் தருகிற ஆள் இன்னும் பிறக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாதா?

முதல் வீட்டில், "ஆபத்தான வயர்னா ஹீட்டர் விலையில கழிங்க" என்றார்கள். ஒரு டார்ச் போனது. அடுத்த வீட்டில் கத்திரிக்கோல். அதற்கடுத்தவர், "வேற எவனுக்கோ காசுக்கு விக்கப் பாக்குறீங்க, அதானே?" என்று கண்ணடித்தார். எல்லாம் முப்பது வருஷமாக அவரே பழக்கிவிட்ட ஜனங்கள்; யாரை நொந்து என்ன?

மாலைக்குள் பத்து வயர் வந்துவிட்டது. பதினொன்றாவது, நாலாம் மாடித் தையல்காரி. லிஃப்ட் கிடையாது. மாடிக்கு மாடி நின்று மூச்சுக்குத் தவணை வாங்கி ஏறினார்.

உள்ளே மரத்தொட்டிலில் இரட்டைக் குழந்தைகள் தூங்கின. ஒட்டினாற்போல் ஹீட்டர், அதன் தலைமேல் ஈரத்துணி. வயர் வெட்டுத்துணிக் குவியலுக்கு அடியில் ஓடியது. குனிந்து தொட்டார். கை சுரீரென்றது.

"தங்கச்சி, இந்த வயரைக் கொடுத்துடு."

"குடுத்ததைப் புடுங்க நாலு மாடி ஏறினீங்களா அண்ணே? வியாபாரம் அவ்வளவு படுத்துடுச்சா?"

"தீப் பிடிச்சிரும்மா. ஹீட்டரை நேரா சுவத்து ப்ளக்லதான் சொருகணும்."

"ப்ளக் அந்த மூலையில, புள்ளைங்க இந்த மூலையில. குளிருறது யாருக்கு, சுவத்துக்கா?"

பையில் மிஞ்சியிருந்த கெட்டிலை நீட்டினார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூடி எங்க?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்ன வேணுமோ நீயே சொல்லு. எதுன்னாலும் தரேன்."

அவர் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்ட பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. துணிக் குவியலைத் தள்ளி வயரைத் தொட்டாள். கையை உதறிக்கொண்டு ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தாள்.

இருவருமாகத் தையல் மெஷினை நகர்த்தித் தொட்டிலை ப்ளக் பக்கம் கொண்டுபோனார்கள். வயரைக் கழற்றி அவர் பையில் போட்டு, ஹீட்டரைச் சுவரில் சொருகி, தொட்டிலும் திரையும் துணியும் அதற்கு மூன்றடிக்குள் வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

"தூங்கப் போறப்ப அணைச்சுடு. புள்ளைங்களுக்கு இன்னொரு சட்டை போடு."

"சரிண்ணே. கெட்டில் இங்கயே இருக்கட்டும்."

பன்னிரண்டாவதுக்கு நேராக நோட்டில் 'டாக்சி டிரைவர்' என்று மட்டும் இருந்தது. ஸ்டாண்டில் விசாரித்தார். அவன் போன வாரமே பெண்டாட்டி பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டானாம். பழைய நம்பரும் செத்துவிட்டதாம். "அவனைப் பாத்தா அந்த வயரைத் தூக்கி எறியச் சொல்லுங்கப்பா" என்று ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பினார்.

எத்தனையோ பாக்கியை வராது என்று கோடு கிழித்துத் தள்ளியவர்தான். இதைக் கிழிக்கக் கை வரவில்லை. நோட்டில் எழுதினார்:

கொடுத்தது பன்னிரண்டு. வந்தது பதினொன்று. பாக்கி ஒன்று.