மூன்றாவது மணிக்குள்

விடிவதற்குள் நூற்றிருபது கேஸ் சிலிண்டர்களை ஏற்றியாக வேண்டும். பனியில் ஊறிய இரும்பு உள்ளங்கையைக் கடித்தது. தோளும் இடுப்பும் விண்விண்ணென்று தெறிக்க, கட்டையின் கண் மட்டும் எதிரே நின்ற புது லாரியை விட்டு நகரவில்லை.

ஆள் குள்ளம் என்பதால் கட்டை. பன்னிரண்டு வருடமாக அந்தக் கிடங்கில் லாரி ஓட்டுகிறார். நியாயப்படி புது லாரி அவருக்கு வந்திருக்க வேண்டும். ஆறு மாதம் முன்பு சேர்ந்த இளவட்டம் சிட்டுவிடம் சாவியைக் கொடுத்துவிட்டார் முதலாளி. எந்த நெரிசலில் போய்க்கொண்டிருந்தாலும், முதலாளி செல்போனில் கூப்பிட்டால் மூன்றாவது மணிக்குள் எடுத்துவிடுவான் சிட்டு. கட்டையோ வண்டியை ஓரங்கட்டி நிறுத்திய பிறகுதான் எடுப்பார்.

"உனக்கு வயசாயிடுச்சு. அவனைப் பாரு, பறக்கிறான்" என்பார் முதலாளி.

வீட்டிலும் அதே பாட்டு. "அந்தத் தம்பி பொழைக்கத் தெரிஞ்சவரு" என்பாள் மனைவி. கட்டைக்கு வாயில் வைத்தது இறங்காது. சிட்டு சிரித்தால் எரிந்தது. "அண்ணே" என்று கூப்பிட்டால் இன்னும் எரிந்தது.

அன்று பத்து மணிக்குச் செய்தி வந்தது. காதில் போனோடு வளைவில் திரும்பிய சிட்டு, குறுக்கே வந்த சைக்கிள்காரரைக் கடைசி நொடியில்தான் பார்த்திருக்கிறான். ஒடித்துத் திருப்பியதில் லாரி மதிலில் மோதியது. சைக்கிள்காரர் தப்பினார். சிட்டுவின் வலது கால் நொறுங்கிவிட்டது.

கேட்டதும் கட்டையின் நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. அது இன்னதென்று தெரிந்தபோது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

முதலாளி அவரை அறைக்குள் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். 'வண்டி ஓட்டும்போது போன் பேசக்கூடாது என்று எங்களுக்கு முன்பே உத்தரவு உண்டு.' தேதி போன மாதத்தது. அப்படியோர் உத்தரவை அந்தக் கிடங்கில் யாரும் கேட்டதில்லை.

"போலீஸ் கேக்குது. சட்டத்தை மீறினது அவன். நீ கையெழுத்துப் போட்டா மத்தவங்களும் போடுவாங்க. ரிப்பேர் முடிஞ்சதும் அந்த வண்டி உனக்குத்தான்."

கட்டை தாளை மேசைமேல் வைத்தார்.

"அவனைக் கூப்பிட்டது யாரு மொதலாளி?"

"நான் கூப்பிட்டா என்ன? ஓட்டிக்கிட்டே எடுன்னு சொன்னேனா?"

"எடுக்காததுக்குத்தானே எனக்குப் பழைய வண்டி."

"அப்ப உனக்கு வண்டியே வேணாமா?"

"வேணும். இப்படி வேணாம்."

வெளியே வந்து நடந்ததைச் சொன்னார். எட்டு டிரைவர்களும் தத்தம் போனை எடுத்துப் பார்த்தார்கள். வண்டி ஓடிய நேரமெல்லாம் முதலாளியின் அழைப்புகள் வரிசையாக இருந்தன. சிலிண்டர் வண்டியின் நிழலிலேயே உட்கார்ந்து மனு எழுதினார்கள்: ஓடும் வண்டிக்கு அழைப்பு கூடாது, சிட்டுவின் வைத்தியம் முதலாளி பொறுப்பு. இரண்டும் ஒப்புக்கொள்ளும்வரை லாரி நகராது.

மனுவைப் படித்த முதலாளி, "நாளைக்கே வேற ஆள் வைப்பேன்" என்று கத்தி அதைத் திருப்பி எறிந்துவிட்டுக் காரில் ஏறினார்.

மாலையில் மருத்துவமனைக்குப் போனால், சிட்டுவின் கட்டிலைச் சுற்றிக் கிடங்குச் சுமைக்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். தனக்கென்றால் இத்தனை பேர் வருவார்களா என்று கட்டைக்கு மறுபடி சுருக்கென்றது. அந்தப் புத்தி அவ்வளவு சீக்கிரம் போகிறதா என்ன!

"ஒன்னு சொல்லணும்டா. உன் வண்டி மேல எனக்கு ரொம்ப நாளா கண்ணு."

"தெரியும்ணே" என்றான் சிட்டு. உதடு காய்ந்திருந்தது. "மனுவுல மொதக் கையெழுத்து யாரோடது?"

"என்னோடது. அடுத்த இடத்தை உனக்கு விட்டு வெச்சிருக்கோம்."

சிட்டு தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். "இப்ப எனக்குப் பொறாமையா இருக்கு" என்று கையை நீட்டினான். "குடுங்க, அடுத்த இடத்துலயாவது நான் போடறேன்."

சுமைக்காரர் ஒருவர் அவன் முதுகைத் தாங்கிப் பிடித்தார். கட்டை தாளை விரித்து, அவன் எழுதத் தோதாகத் தன் முன்கையை அடியில் நீட்டினார்.