ஓஸ்டர்மூரின் நாற்றம் ரயிலேறியது

லுட்கர் வில்கிங் தேர்தலில் ஜெயித்து மாநிலத் தலைநகரான ஹனோவருக்கு ரயிலேறிய அன்று, ஓஸ்டர்மூரின் பன்றி நாற்றமும் அவரோடு ஏறிப் போய்விட்டது. வழியனுப்ப வந்திருந்த அவர் மனைவி ஆக்னெஸுக்குத்தான் அது முதலில் தெரிந்தது. வண்டி வளைவில் மறைந்ததும் காற்றில் ஈர மண்ணும் உதிர்ந்த ஆப்பிளும் மணத்தன. ஜலதோஷம் பிடித்துவிட்டது என்று நினைத்து, வீட்டுக்குப் போய் புதினா டீ போட்டுக் குடித்தாள்.

மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகமாக இருந்த ஊர் அது. பிரச்சாரத்தின்போது, தீயணைப்புப் படையின் கொட்டகையில், நாலு கிளாஸ் சாராயம் உள்ளே போன பிறகு, இந்த நாற்றத்தை ஒழித்துக்காட்டுகிறேன் என்று லுட்கர் மேசையைத் தட்டிச் சொன்னது உண்மைதான். கொடுத்த வாக்கை ஓர் அரசியல்வாதி காப்பாற்றுவது அந்த வட்டாரத்தில் வழக்கமில்லை என்பதால், எப்படி நன்றி சொல்வதென்று யாருக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை அவர் ஊருக்கு வந்தபோது நாற்றமும் கூடவே இறங்கியது; ஞாயிறு மாலை அவரோடே திரும்பிப் போனது. இப்படிச் சில வாரங்கள் போன பிறகு, பக்கத்துப் பண்ணைக்காரர் கிளெமன்ஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார்.

"தப்பா எடுத்துக்காதே லுட்கர். அங்க உனக்கு எவ்வளவோ வேலை. எங்களுக்காக இப்படி அலையணுமா?"

அதற்குப் பிறகு லுட்கர் ஊருக்கு வருவது நின்றது. ஆக்னெஸ்தான் மாதம் ஒரு முறை ஹனோவர் போய் வந்தாள்.

சட்டசபையில் லுட்கர் எழுந்தால் எதிர்க்கட்சி வெளியே போய்விடும். கொஞ்ச நேரத்தில் சொந்தக் கட்சியும் மூக்கைப் பொத்திக்கொண்டு கையைத் தூக்கிவிட்டு ஓடும். அவர் கொண்டுவந்த மசோதா ஒன்றுகூடத் தோற்கவில்லை. இவ்வளவு திறமைசாலியை எப்படி வெளியே வைப்பது என்று அவரை விவசாய மந்திரி ஆக்கினார்கள். மந்திரி ஆனதும் சர்ச்சைகளும் வரிசை கட்டின. அரசாங்கக் காரில் அக்காளின் வாத்துகளை மருத்துவரிடம் அனுப்பினார். முதலமைச்சரை வெந்த டர்னிப் கிழங்கு என்று சொன்னபோது ஒலிவாங்கி அணையாமல் இருந்தது. கடைசியில், உருளைக்கிழங்கைச் சேமிப்பது பற்றி அவர் எழுதி முனைவர் பட்டம் வாங்கிய ஆய்வேடு, வேறொருவர் எழுதியதை வரிக்கு வரி பார்த்து எழுதியது என்று தெரியவந்தது. 'என் அன்பு மனைவி கெர்ட்ரூடுக்கு நன்றி' என்ற வரியைக்கூட மாற்றவில்லை. ஆக்னெஸ் திருட்டை மன்னித்தாள். ஆனால் போன் போட்டாள்.

"யாரு அந்த கெர்ட்ரூட்?"

"எனக்கென்ன தெரியும்? அதை எழுதினவனோட பொண்டாட்டி."

"குடுத்துவச்சவ. நன்றி சொல்றவனாப் பாத்துக் கட்டியிருக்கா."

ஹனோவரில் அவர் பெயர் நாற நாற, ஓஸ்டர்மூரில் காற்று மணத்தது. ஒவ்வொரு சர்ச்சைக்குப் பிறகும் ஊர் முன்னைவிட அதிகமாக ஓட்டுப் போட்டது. கோயில் மணியைத் திருடினாலும் அவருக்கே எங்கள் ஓட்டு என்று பாதிரியாரே சொன்னார். நாற்றம்தான் இல்லையே என்று எல்லோரும் புதுப் பன்றிக் கொட்டகை கட்டினார்கள். கிளெமன்ஸ் மட்டும் மூன்று கட்டினார். அத்தனை பன்றிகளின் நாற்றமும் அன்றன்றைக்கே லுட்கரைத் தேடிப் போய்ச் சேர்ந்தது. கொட்டும் பனியிலும் சட்டசபை ஜன்னல்கள் திறந்தே கிடந்தன.

இப்படியே பதினெட்டு வருஷம் ஓடியது. ஒருநாள் லுட்கர் போனில், "போதும் ஆக்னெஸ். நான் வந்துடறேன்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று மாலைக்குள் கிளெமன்ஸும் ஊர்ப் பெரிய மனிதர்களும் வெண்ணெய்க் கேக்கோடு அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை நிக்கச் சொல்லு ஆக்னெஸ். நீ சொன்னா கேப்பான். ஊரை நெனைச்சுப் பாரு. என் மருமக டவுன்லேர்ந்து வந்தவ, தாங்கமாட்டா."

"கிளெமன்ஸ், எங்க வீட்ல பன்னி இருக்கா?"

"இல்ல."

"குட்டி?"

"இல்லம்மா."

"அப்ப இத்தனை வருஷமா அந்த மனுஷன் யார் வீட்டு நாத்தத்தைச் சுமந்துக்கிட்டு ஊர் ஊரா ஏச்சு வாங்கினான்? கேக்கை வச்சுட்டுப் போங்க. கேக்குக்கு ஒண்ணும் கோவமில்ல."

லுட்கர் ஒரு வியாழக்கிழமை வந்தார். நடைமேடையில் ஆக்னெஸைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. ரயில் நிற்பதற்கு முன்பே நாற்றம் இறங்கிவிட்டது. புதுக் கொட்டகைகளின் நாற்றமும் சேர்ந்திருந்ததால், அது தன் பழைய இடத்தில் அடங்காமல் பக்கத்து ஊர் வரை போய் உட்கார்ந்தது. தெரு நெடுக ஜன்னல்கள் பட்பட்டென்று மூடின. ஆக்னெஸ் அவர் கையைக் கோத்துக்கொண்டு நடுத்தெருவில் மெதுவாக நடந்தாள். அவசரப்பட அவளுக்குக் காரணம் எதுவும் இல்லை.

அடுத்த தேர்தலில் பக்கத்து ஊர் இளம்பெண் ஒருத்தி ஜெயித்தாள். அவள் ரயிலேறிய அன்று ஓஸ்டர்மூரே நடைமேடைக்குத் திரண்டு வந்து மூக்கை உயர்த்திக் காத்திருந்தது. வண்டி போனது, நாற்றம் அசையவில்லை. ஊர் கலைந்தது. வசந்தத்தில் கிளெமன்ஸ் பாதிப் பன்றிகளை விற்றார். மனம் திருந்தியெல்லாம் இல்லை. மருமகள் பெட்டியைக் கட்டிவிட்டாள். மற்றவர்கள் விற்கவில்லை. பழகிக்கொண்டார்கள்.

லுட்கருக்குத்தான் கொஞ்ச நாள் கூச்சமாக இருந்தது. ஒரு மதியம், சாப்பாட்டு மேசையில், தட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

"உனக்கு நாறலையா?"

"நாறுது," என்றாள் ஆக்னெஸ். "அந்த உப்பை இப்படித் தள்ளு."